காதல் படத்தைக் கேலி செய்யக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு

கல்லூரி விழா நெருங்கினால் வரிச்சிக்குடி பாலிடெக்னிக்கிலிருந்தும் திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலிருந்தும் காரைக்கால் கலைக் கல்லூரியிலிருந்தும் பிள்ளைகள் கோட்டுச்சேரிக்கு வந்து என் வீட்டு வாசலில் நிற்பார்கள். கல்யாண வீடியோ எடுத்து ஓய்ந்தவன் நான். ட்ரைபாட் இரவல் கிடைக்கும் என்பதுதான் முதல் காரணம். யோசனையும் சேர்ந்து கிடைக்கும் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். இந்த முறை நிறையப் பேருக்கு ஒரே ஆசை: காதல் காமெடிப் படங்களில் வழக்கமாக வருகிறதையெல்லாம் ‘ஓவராக’ச் செய்து ஒரு குறும்படம். ஒவ்வொரு குழுவிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிடுகிறேன்.

1. முதலில் பட்டியல் போடுங்கள். மோதிக்கொள்வது, புத்தகம் சிதறுவது, இருவரும் ஒரே நேரத்தில் குனிவது, துப்பட்டா முகத்தில் விழுவது, மழை, தோழன், பெண்ணின் அப்பா, தப்பான புரிதல், கடைசி நிமிட ஓட்டம். இதை எல்லாரும் செய்வார்கள். அடுத்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை: ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது ஏன் படத்துக்குள் வந்தது என்று எழுதுங்கள். ஆணும் பெண்ணும் சும்மா நின்று பேசிக்கொள்ள முடியாத ஊரில் கதாசிரியனுக்கு ஒரு விபத்து தேவைப்பட்டது, அதனால் மோதல். ஓடிப்போகப் பார்க்கிற இரண்டு பேரை ஒரே கூரைக்கடியில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது, அதனால் மழை. காரணம் கைக்கு வந்துவிட்டால் மிகை தானாக வரும். மோதினால்தான் பேச முடியும் என்பது விதியென்றால், உங்கள் கதாநாயகன் ஏற்கெனவே நன்றாகப் பழகிய பெண்ணிடமும் மோதித்தான் பேச வேண்டும். காலையில் ஒரு தடவை, கேன்டீனில் ஒரு தடவை, லேபில் ஒரு தடவை. அவள் கையில் புத்தகம் இல்லாத நாளில் அவனே புத்தகம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மோதுவான். காரணத்தை விட்டுவிட்டு வெறும் ஸ்லோமோஷனை மட்டும் கூட்டினால், பழைய படத்தை மெதுவாக ஓட்டிய மாதிரி இருக்கும்.

2. படத்தைக் கேலி செய்யாதீர்கள், வழக்கத்தைக் கேலி செய்யுங்கள். விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’ ஒவ்வொரு வாரமும் ஒரு படத்தை எடுத்துப் பிரித்தது. அசல் படம் பார்க்காதவனுக்குப் பாதி சிரிப்பு போய்விடும். ஆனால் அவர்கள் எடுத்ததெல்லாம் ஊரே பார்த்த படம். 2010 ஜனவரியில் வந்த சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ ஒரு படி மேலே போய், பல படங்களுக்குப் பொதுவான பழக்கங்களைப் பிடித்தது. மூப்படைந்த நடிகர்கள் கல்லூரி மாணவர்களாக வருகிறதைக் கிண்டல் செய்ய அது வசனமே பேசவில்லை. மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி மூவரையும் கதாநாயகனின் நண்பர்களாக்கி, நகுல், பரத், சித்தார்த் என்று இளம் நடிகர்களின் பெயரை வைத்துவிட்டது. வேலை முடிந்தது. அதற்கப்புறம் அந்த மூவரும் சும்மா நின்றாலே போதும்.

அதே 2010-இல் பாலாஜி மோகன் எடுத்த ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படத்தைப் பாருங்கள். உங்களுக்கு நெருக்கமான உதாரணம் அதுதான். எந்தப் படத்தையும் அது நகலெடுக்கவில்லை. காதலிக்கிறவர்கள் சண்டை போடும் முறையை, ஆய்வுக்கூடத்தில் தவளையை வைத்துப் பார்ப்பதுபோல, கேமராவைப் பார்த்தே ஒரு பையன் விளக்குகிறான். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ மேடையிலிருந்து வந்து யூடியூபில் பரவி, 2012-இல் சித்தார்த், அமலா பால் நடிக்கத் தமிழிலும் தெலுங்கிலும் முழுப் படமானது. தயாரித்தவர்களில் ஒருவர் ‘தமிழ்ப் பட’த்தைத் தயாரித்த அதே சசிகாந்த். கேலியும் காதலும் ஒரே கடையில் விற்றிருக்கின்றன.

3. ஒரே ஒரு வழக்கம். எட்டு நிமிடப் படத்தில் பட்டியலிலுள்ள ஒன்பதையும் அடைத்தால் அது கலாட்டா நிகழ்ச்சி. ஒன்றை எடுத்து எட்டு நிமிடமும் விடாமல் அழுத்துங்கள்.

4. நடிக்கிறவன் சிரிக்கக் கூடாது. இதைச் சொல்லாத பெரியவர் கிடையாது, கேட்ட பிள்ளையும் கிடையாது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ 1964-இல் வந்தது. அதில் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் நடத்தும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தன் அப்பா விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியை எடுத்துவைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நாகேஷ் தன் படம் உலகத்தையே புரட்டிப்போடும் என்று நம்புகிறவன் முகத்தோடு சொல்கிறார். காட்சியைத் தூக்கி நிறுத்துவது கேட்டுக்கொண்டிருக்கிற பாலையாவின் முகம். பயம் படிப்படியாக ஏறுகிறது. நீங்கள் எடுக்கும்போது பேசுகிறவன் மேலேயே கேமராவை வைத்துவிட்டு, எதிரே இருப்பவன் முகத்தை எடுக்க மறந்துபோவீர்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது வெட்டிப் போக ஒரு முகம் இருக்காது. எந்தக் காட்சியானாலும் கேட்கிறவன் முகத்தைத் தனியாக, முழு நீளத்துக்கு ஒரு தடவை எடுத்துவையுங்கள்.

5. மிகை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. அமெரிக்காவில் டேவிட் வெயின் 2014-இல் ‘தே கேம் டுகெதர்’ என்று காதல் காமெடிகளைக் கிழித்து ஒரு படம் எடுத்தார், கிடைத்தால் பாருங்கள். ஆனால் பனைமட்டையில் குதிரை செய்து, அதன் கருக்கு உடம்பைக் கிழிக்க அதில் ஏறி, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, காதலியின் படத்தைக் கையில் பிடித்துத் தெருவில் ஊர்வலம் போனவன் நம் சங்கப் பாட்டுத் தலைவன். மடலேறுதல். ஊரார் பார்த்து இரக்கப்பட்டு, ‘கட்டிவைத்துத் தொலையுங்கள்’ என்று சொல்ல வேண்டும் என்பதே திட்டம். பெண் மடலேறக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்தது. சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் அந்த விதியை உடைத்துப் பெண்ணின் குரலில் இரண்டு மடல்கள் பாடினார், பெருமாளையே மிரட்டி. அதாவது ஒரு காதல் வழக்கத்தை எடுத்து, ஆள் மாற்றி, தலைகீழாக்கி, எல்லைவரை தள்ளுகிற வித்தை நம் ஆற்றுப்படுகையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கதாநாயகி புல்லட்டுக்குப் பதிலாகப் பனைமட்டைக் குதிரையில் கல்லூரி வாசலுக்கு வந்தால் எப்படியிருக்கும்? மட்டை இங்கே காசு கொடுக்காமல் கிடைக்கும். கருக்கை மட்டும் சீவிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

6. ஊர் எங்கே ஒத்துழைக்க மறுக்கிறதோ அங்கேதான் உங்கள் நகைச்சுவை இருக்கிறது. இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். காதல் படத்து விதிகள் சென்னையில், ஊட்டியில், வெளிநாட்டில் எழுதப்பட்டவை. அவற்றைக் கோட்டுச்சேரியில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடிக்க முயல்கிற ஒருவன் தானாகவே கோமாளி ஆகிறான்; நீங்கள் அவனைக் கோமாளி ஆக்க வேண்டியதில்லை.

கடற்கரையில் சூரியன் மறையும்போது காதலைச் சொல்ல வேண்டும் என்பது ஒரு விதி. நமக்குக் கடல் கிழக்கே. இங்கே சூரியன் மறைவது நெடுங்காடு பக்கம், வயலுக்குள். கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் கடலுக்கு மேல் சூரியன் வேண்டுமானால் விடியற்காலைதான். அப்போது அங்கே ரோஜாப்பூ கிடையாது. படகு ஏறுகிறது, மீன் ஏலம் போகிறது, வலை உலர்கிறது. சரி, விடிகாலையில் எடுத்து அந்தத் துண்டைத் தலைகீழாக ஓட்டுங்கள். சூரியன் இறங்கும். கூடவே அலை மணலிலிருந்து கடலுக்குள் சுருட்டிக்கொண்டு போகும், பின்னால் கூடை தூக்கிப் போகிறவர்கள் எல்லாரும் பின்பக்கமாக நடப்பார்கள். காதலர்கள் இருவர் மட்டும் முன்னோக்கி நடப்பதாகத் தெரிய வேண்டுமானால், எடுக்கும்போது அவர்கள் பின்னோக்கி நடக்க வேண்டும். கையைக் கோத்துக்கொண்டு மணலில் பின்னோக்கி நடப்பது கஷ்டம், ஒத்திகை பாருங்கள். கேமரா அசையக் கூடாது, ட்ரைபாட்டை மணலில் ஆழப் புதையுங்கள். இந்த ஒரு ஷாட்டுக்கு அரங்கம் சிரிக்கவில்லை என்றால் என்னிடம் வந்து கேளுங்கள்.

அடுத்தது கடைசி நிமிட ஓட்டம். விமான நிலையத்துக்கு ஓட வேண்டுமென்றால் நம் பையன் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் அவள் வெளிநாட்டில் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருப்பாள். ‘காதல் கோட்டை’ 1996-இல் முடிந்தது ரயில் நிலையத்தில். நம் முடிவு பஸ் ஸ்டாப். நம் வழியாகத் தரங்கம்பாடி, சீர்காழி என்று போகிற சிதம்பரம் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும். அதனால் ஓடுகிறவன் அதை எளிதாகப் பிடித்துவிடுவான். ஆனால் கடைசி நொடியில் வந்து சேர வேண்டும் என்பது விதியாயிற்றே. பிடித்துவிட்டுத் திரும்பி இறங்கி, பஸ் கிளம்பட்டும் என்று காத்திருந்து, மறுபடி ஓடுவான். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் “ஏறுறியா இல்லியாப்பா?” என்று கேட்கட்டும். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நண்டலாறு சோதனைச்சாவடி வரை இழுக்கலாம். அங்கே நிறுத்துகிறவர் தலையில் நம் புதுச்சேரிப் போலீஸின் சிவப்புத் தொப்பி. அந்தத் தொப்பி தமிழ்நாட்டுப் படங்களில் அதிகம் வராத பொருள். அதைக் கிண்டல் செய்ய வேண்டாம், சட்டகத்துக்குள் இருந்தாலே போதும்.

7. மழை: ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் மழை தூறலாகக் காதலர்களுக்காக வராது, மூன்று நாள் பெய்து வயலை மூழ்கடிக்கும். கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். மற்ற மாதங்களில் பம்புசெட்டுக்காரரிடம் கேட்டு ஹோஸ் பிடியுங்கள். தண்ணீர் கதாநாயகி மேல் மட்டும் விழுந்து பக்கத்து மண் காய்ந்திருந்தால் இன்னும் நல்லது.

8. கதாநாயகியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பழைய காதல் காமெடியில் அவளுக்கு வேலை கிடையாது, பரீட்சை கிடையாது; கதாநாயகன் நினைக்கும்போது வருவாள். இந்த வழக்கத்தை எல்லைவரை தள்ளிய படம் 2013-இல் வந்த ‘சூது கவ்வும்’. இயக்கிய நலன் குமாரசாமியும் ‘நாளைய இயக்குநர்’ வழியாக வந்தவரே. விஜய் சேதுபதி நடித்த தாஸுக்கு ஒரு காதலி. அழகாக உடுத்திக்கொண்டு எப்போதும் கூடவே இருக்கிறாள். ஒரே விஷயம், அவள் நிஜத்தில் இல்லை. அவன் கற்பனை; மற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டாள். நாயகனுக்காக மட்டும் இருக்கிற பெண் என்றால் அவள் இல்லாத பெண்தானே. இவ்வளவு கூர்மையான விமர்சனம் எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

பின்தொடர்வதைப் பற்றி. ‘விடாமல் பின்னால் போனால் மசிந்துவிடுவாள்’ என்கிற விதியைக் கிண்டல் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, நீங்கள் எடுப்பது பையன் பின்னால் போகிற காட்சியாகவே இருக்கும். பின்வரிசைப் பையன்கள் கைதட்டுவது கிண்டலுக்கா செயலுக்கா என்று உங்களுக்கே தெரியாது. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு இந்த விதியைத் தமிழ்நாடே உட்கார்ந்து பேசியது. அந்த அக்டோபரில் வந்த ‘ரெமோ’வும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் பின்தொடர்வது குற்றம். முதல் தடவைக்கே மூன்று ஆண்டுவரை சிறை. ஆகவே கேமராவை அவள் பக்கம் வையுங்கள். அவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள்; பின்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் அவன் பாட்டுக்கு வயலின் வாசிக்கிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரே நிறச் சட்டையில் முப்பது டான்ஸர்கள். அவள் பஸ் ஏறினால் அத்தனை பேரும் ஏறுகிறார்கள். அவளுக்குச் சீட் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள், பையன்கள் கொஞ்சம் நெளிவார்கள். நெளிய வேண்டும்.

கதை எழுதும் குழுவில் பெண்பிள்ளை இல்லாவிட்டால் இந்த வகைப் படத்தைத் தொடவே தொடாதீர்கள்.

9. காதல் தோல்வி. 1953 ‘தேவதாஸ்’ காலத்திலிருந்து தாடி, சால்வை, பாட்டில், இருமல். காரைக்காலில் இதற்கு ஒரு தனிச் சிக்கல். தோல்வியே இல்லாதவர்கள் நண்டலாறு தாண்டி வந்து மதுக்கடை வரிசையில் நிற்கிற ஊர் இது. நம் தேவதாஸ் பாட்டிலோடு சோகமாக உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவன் கவனத்தைக் கவர மோர் குடிக்க வேண்டியிருக்கும். எடுங்கள், நன்றாக வரும்.

‘கடலில் குதித்துவிடுவேன்’ என்று மிரட்டுகிற காட்சியை மட்டும் நம் கரையில் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆள் போகாத மீனவக் கிராமம் இந்தக் கரையில் குறைவு. நீங்கள் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். படம் எடுப்பதை வேடிக்கை பார்த்து நிற்கிற அக்காவுக்கு ஞாபகம் இருக்கும்.

10. யாரைக் கேலி செய்வது என்பதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. திருமலைராயன்பட்டினத்து அரசவையில் அதிமதுரகவியோடும் அவர் கூட்டத்துப் புலவர்களோடும் காளமேகம் மோதிய கதை தெரியுமல்லவா? அவர் வசை பாடியது பல்லக்கில் வந்தவர்களை. பல்லக்குத் தூக்கியவர்களைப் பாடியதாகக் கதை இல்லை. காதல் படத்தில் பல்லக்கில் இருப்பவர் கதாநாயகன், அவரை இறக்குங்கள். தோழனின் கறுப்பு நிறம், குண்டு உடம்பு, வேலைக்காரப் பெண்ணின் பேச்சு, மீன்காரம்மாவின் குரல் ஆகியவற்றில் சிரிப்புத் தேடினால் நீங்கள் வழக்கத்தைக் கேலி செய்யவில்லை, தொடர்கிறீர்கள்.

தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலை மட்டும் வைத்துப் படம் எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் புளித்துவிடும். உங்கள் பையன் சினிமாவை உண்மையென்று நம்பிவிட்ட அப்பாவியாக இருக்கட்டும். அந்தப் பேதைமைக்காகப் பார்க்கிறவர்கள் அவனைப் பொறுத்துக்கொள்வார்கள். கே. பாக்யராஜின் ‘இன்று போய் நாளை வா’ (1981) பாருங்கள். பெண் வீட்டாரை மயக்க இந்தி கற்கப் போகிறவனின் நாக்குத் திரும்பாமல் பாடம் ஒரே வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. வாத்தியார் தளர்கிறார், மாணவன் தளர்வதில்லை. அந்த வாக்கியத்தின் வால் 2024-இல் ‘ரகு தாத்தா’ என்று இன்னொரு படத்துக்கே தலைப்பாகிவிட்டது. ஒரு அப்பாவியை ஒரு விதியோடு கட்டிப்போட்டதில் வந்த சிரிப்பு அது.

11. பாட்டு. சினிமாப் பாட்டை அப்படியே போட்டால் யூடியூப் அடையாளம் கண்டு தடுத்துவிடும், அல்லது வருமானத்தைப் பாட்டுக்காரருக்குத் திருப்பிவிடும். ‘தமிழ்ப் பட’த்தில் கண்ணன் இசையமைத்த ‘ஓ மகசீயா’வைக் கேளுங்கள், பழைய பாட்டுகளில் அர்த்தமில்லாமல் வந்த சத்தங்களையே கோத்து ஒரு டூயட். நீங்களும் சொந்தமாக ஒன்று போடலாம். என் யோசனை வேறு. முதல் பார்வைக்கு வயலின் என்பது விதி. நீங்கள் நாதஸ்வரமும் தவிலும் வையுங்கள். நம் பகுதியில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நேரில் போய்க் கேளுங்கள், சம்பளம் கொடுங்கள். அவள் திரும்பிப் பார்த்ததும் கெட்டிமேளம். அவள் பேனாதான் கேட்டிருப்பாள்.

12. கருவி. செல்போன் போதும். விளக்கடியில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 அல்லது 1/100. இல்லாவிட்டால் டியூப்லைட் துடிப்பது பதிவாகும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 120 ஃப்ரேமில் ஸ்லோமோஷன் எடுப்பதானால் வெயிலில் எடுங்கள். தலைமுடி பறக்க பெடஸ்டல் ஃபேன் வைத்தால் அந்த ஷாட்டில் வசனம் வேண்டாம். ஃபேனைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுகிற நண்பனும் சட்டகத்தில் தெரிந்தால் தவறில்லை, அது இந்த வகைப் படம்தான். கடற்கரைக் காற்று மைக்கைத் தின்றுவிடும். அங்கே எடுத்ததையெல்லாம் அறைக்குள் டப்பிங் பேசுங்கள். மீனவக் கிராமத்தில் எடுப்பதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பின்னணிக்கு அழகுதான், ஆனால் வேலை இல்லாமல் இருப்பவர்கள் நடுவில் போய் டூயட் ஆடுகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

13. முடித்ததும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நடித்த யாரையும் தெரியாத நாலு பேரை உட்கார வையுங்கள். ஒருவராவது காதல் படமே பார்க்காத தாத்தாவாக இருக்கட்டும். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பாருங்கள், எந்த நிமிடத்தில் செல்போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு முன்னால் இருக்கிற அரை நிமிடத்தை வெட்டுங்கள். அது பெரும்பாலும் நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த ட்ரோன் ஷாட்டாகத்தான் இருக்கும். பரவாயில்லை, வெட்டுங்கள். ட்ரைபாட்டைத் திருப்பிக் கொண்டுவரும்போது மணலைத் துடைத்துக் கொண்டுவாருங்கள்.